எரிவாயுக் கிணறுகளுக்குப் பக்கத்தில் வாழ்பவர்களின் உடல்நலம்: எந்த ஆய்வைத் தேர்ந்தெடுப்பது?

ஓர் ஊருக்குப் பக்கத்தில் எரிவாயுக் கிணறு தோண்ட ஆரம்பித்ததும் மக்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதனால் நமக்கு ஏதாவது ஆகுமா?" என்பது. கொஞ்ச நாளில் அது "யாராவது வந்து ஆய்வு செய்யட்டும்" என்ற கோரிக்கையாக மாறும். நியாயமான கோரிக்கைதான். ஆனால் ஆய்வு என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்தாறு வெவ்வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. வீடு வீடாகப் போய் நோய் விசாரிப்பதும் ஆய்வு, காற்றைப் பிடித்துச் சோதிப்பதும் ஆய்வு, ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் புரட்டுவதும் ஆய்வு. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும். பொருந்தாததைத் தேர்ந்தெடுத்துவிட்டால், மூன்று வருடம் காத்திருந்த பிறகு "தொடர்பு இருப்பதாக உறுதி செய்ய முடியவில்லை" என்று ஒரு வரி கைக்கு வரும். அதை எல்லோரும் "பாதிப்பு இல்லை" என்றே வாசிப்பார்கள். ஆய்வில் சேர்ந்தவர்கள் போதவில்லை என்பதால் எழுதப்பட்ட வரி, கிணற்றுக்குக் கொடுத்த நற்சான்றிதழாகிவிடும்.

இந்த விஷயத்தில் நம்மிடம் இருக்கும் சான்றுகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. 2000-களில் பென்சில்வேனியா, கொலராடோ, டெக்சஸ் போன்ற மாநிலங்களில், ஆழத்தில் இருக்கும் ஷேல் பாறையை நீரழுத்தத்தால் உடைத்து வாயு எடுக்கும் ஃபிராக்கிங் முறை வேகமாகப் பரவியது. பல கிணறுகள் வீடுகளுக்குக் கூப்பிடு தூரத்தில் வந்தன. அதனால் எந்த ஆய்வு எதற்கு உதவியது, எது பாதியில் நின்றது என்பதற்கான அனுபவமும் அங்கேதான் அதிகம்.

முறைகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எரிவாயுக் கிணறு என்பது ஒரே மாதிரி புகையும் தொழிற்சாலை இல்லை. முதலில் நிலத்தைச் சமன்படுத்துவார்கள். லாரிகளும் தூசியும் வரும். அப்புறம் துளையிடுவார்கள், இரவு பகலாக டீசல் எஞ்சின் ஓடும். அப்புறம் பாறையை உடைப்பார்கள். அதற்குப் பிறகு, உள்ளே செலுத்திய தண்ணீர் வாயுவோடு கலந்து மேலே திரும்பி வரும். பென்சீன் போன்ற நச்சு ஆவிகள் அதிகம் வெளியேறும் கட்டம் இது. இவையெல்லாம் வாரக் கணக்கில், மாதக் கணக்கில் முடிந்துவிடும். பிறகு உற்பத்தி. அது பல வருடங்களுக்கு நீளும். குழாய்வழியில் வாயுவைத் தள்ளும் கம்ப்ரசர் நிலையமும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஆய்வு முறையும் இவற்றில் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறது, எதைத் தவறவிடுகிறது என்று கேட்டாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

வீடு வீடாகக் கேட்பது

ஊர் மக்கள் தாங்களே இறங்கிச் செய்யக்கூடியது இது. நல்ல உதாரணம், பென்சில்வேனியாவின் வாஷிங்டன் கவுன்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 2012-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்த கணக்கெடுப்பு. நிலத்தடி நீரை நம்பியிருந்த 180 வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, 492 பேரின் உடல்நலத்தை விசாரித்தார்கள். கிணற்றுக்கு 1 கி.மீ.-க்குள் இருந்தவர்களில் 39 சதவீதம் பேர் மூக்கு, தொண்டை சார்ந்த மூச்சுத் தொந்தரவுகளைச் சொன்னார்கள், 2 கி.மீ.-க்கு அப்பால் இருந்தவர்களில் 18 சதவீதம். தோல் தொந்தரவுகள் 13 சதவீதம், 3 சதவீதம் என்று வந்தன.

180 வீடு என்பது ஒரு சின்னக் குழு சில மாதங்களில் முடிக்கக்கூடிய அளவு. ஆனால் இதன் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. கிணற்றைப் பார்த்துப் பயந்திருப்பவர் தன் தலைவலியை நன்றாக ஞாபகம் வைத்திருப்பார். தூரத்தில் இருப்பவர் மறந்திருப்பார். யாரும் பொய் சொல்வதில்லை. மனித ஞாபகம் அப்படித்தான். அதனால் "எரிவாயுப் பாதிப்பு ஆய்வு" என்று சொல்லிக்கொண்டு கதவைத் தட்டக் கூடாது. பொதுவான சுகாதாரக் கணக்கெடுப்பாக நடத்த வேண்டும். கிணற்றோடு எந்த வகையிலும் தொடர்பில்லாத சில தொந்தரவுகளையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். அவையும் பக்கத்து வீடுகளில் கூடுதலாக வந்தால், ஞாபகம் வேலை காட்டியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

பதிவேடுகளைப் புரட்டுவது

இதுவரை வந்த சான்றுகளில் கனமானவை இந்த வழியில் வந்தவைதான். பிறப்புப் பதிவு, ஆஸ்பத்திரிக் குறிப்பு, புற்றுநோய்ப் பதிவேடு ஆகியவற்றை எடுத்து, வீட்டு முகவரியிலிருந்து கிணறு எவ்வளவு தூரம், எப்போது தோண்டினார்கள் என்பதோடு பொருத்திப் பார்ப்பார்கள். யாரையும் நேரில் கேட்பதில்லை. ஆகவே ஞாபகப் பிழை கிடையாது.

பென்சில்வேனியாவில் 2004 முதல் 2013 வரை பிறந்த சுமார் 11 லட்சம் குழந்தைகளின் பதிவை வைத்து 2017-ல் வெளியான ஆய்வில், கிணற்றுக்கு 1 கி.மீ.-க்குள் வாழ்ந்த தாய்மாரின் குழந்தைகள் எடை குறைவாகப் பிறக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடியிருந்தது. 3 கி.மீ.-க்கு அப்பால் அப்படி எதுவும் தெரியவில்லை. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டதுதான். ஒரு பிள்ளை கிணற்றின் பாதிப்புக்கு உட்பட்டு வயிற்றில் வளர்ந்தது, இன்னொன்று அப்படி இல்லை. தாயின் வசதி, படிப்பு, பழக்கம் பெரும்பாலும் மாறாததால், "அங்கே ஏழைகள்தான் அதிகம்" என்ற வழக்கமான மறுப்பு இங்கே எடுபடாது.

அதே மாநிலத்தில், 35,000-க்கும் மேற்பட்ட ஆஸ்துமா நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். கிணற்று வேலைகள் அதிகமாக நடந்த இடங்களில் ஆஸ்துமா முற்றுவதற்கான வாய்ப்பு, கட்டத்தையும் தீவிரத்தையும் பொறுத்து 1.5 முதல் 4.4 மடங்கு வரை கூடுதலாக இருந்தது.

இவ்வளவு வலிமையான முறையை ஒவ்வோர் ஊரும் கேட்டு வாங்கலாமே என்று தோன்றும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் ஐந்து வருடத்தில் 300 குழந்தைகள் பிறக்கிறார்கள். அமெரிக்காவில் 100-க்குச் சுமார் 8 குழந்தைகள் எடை குறைவாகப் பிறக்கிறார்கள். அந்த விகிதப்படி இங்கே 24 பேர். கிணற்றால் 25 சதவீதம் கூடினால் 30 பேர். வித்தியாசம் ஆறு குழந்தைகள். ஆனால் எந்தக் காரணமும் இல்லாமலே இந்த 24 என்ற எண் ஐந்து கூடும், ஐந்து குறையும். அது தற்செயலின் இயல்பு. ஆக, உண்மையான பாதிப்பு இருந்தாலும் அந்த ஊரின் எண்ணிக்கையில் அது தெரியாது. ஆறு குழந்தைகள் என்பது ஆறு குடும்பங்களின் துயரம். புள்ளிவிவரத்துக்கு அது பிடிபடாத அளவு, அவ்வளவுதான். சிறிய ஊர் தனியாகப் பதிவேட்டு ஆய்வு கேட்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம். மாவட்டங்களைச் சேர்த்து, மாநில அளவில்தான் இதைக் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயத்துக்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும். கொண்டுபோன கேள்விக்கு ஆய்வு வேறு பதிலைத் தரலாம். தென்மேற்குப் பென்சில்வேனியாவில் பிள்ளைகளுக்கு யூயிங் சர்கோமா என்ற அரிய எலும்புப் புற்றுநோய் வந்த குடும்பங்கள் குரல் கொடுத்ததால், மாநில அரசு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திடம் ஆய்வை ஒப்படைத்தது. முடிவுகள் 2023 ஆகஸ்டில் வந்தன. எலும்புப் புற்றுநோய்க்குத் தொடர்பு தெரியவில்லை. ஆனால் கிணற்றுக்கு 1 மைலுக்குள் வாழ்ந்த பிள்ளைகளுக்கு லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 5 முதல் 7 மடங்கு கூடுதலாக இருந்தது. ஆஸ்துமா முற்றுவதும் உற்பத்திக் கட்டத்தில் நன்றாகவே கூடியிருந்தது. கேட்ட பெற்றோருக்கு அவர்கள் தேடிய விடை கிடைக்கவில்லை. வேறு குடும்பங்களுக்குத் தேவையான விடை கிடைத்தது. கொலராடோவில் 1,24,842 பிறப்புகளை வைத்து 2014-ல் வெளியான ஆய்வும் இப்படித்தான். கிணறுகள் நெருக்கமாக இருந்த இடங்களில் பிறவி இதயக் குறைபாடு கூடுதலாகத் தெரிந்தது, குறைப்பிரசவமோ சற்றுக் குறைவாகத் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் சொன்னால், எதிரே உட்கார்ந்திருப்பவர் மற்றதை எடுத்துப் போடுவார்.

இந்த முறையின் அடிப்படைக் குறை, இதற்குத் தூரமும் காலமும் மட்டும்தான் தெரியும் என்பது. பாதிப்பு காற்றில் வந்ததா, தண்ணீரில் வந்ததா, இரவெல்லாம் ஓடும் எஞ்சின் சத்தத்தில் வந்ததா என்று அது சொல்லாது.

காற்றை அளப்பது

ஒரு முடிவை மாற்ற வேண்டும் என்றால், அதுவும் ஒன்றிரண்டு வருடத்துக்குள் மாற்ற வேண்டும் என்றால், என் தேர்வு இதுதான்.

கொலராடோவின் கார்ஃபீல்டு கவுன்டியில் எடுத்த காற்று மாதிரிகளை வைத்து 2012-ல் ஓர் அபாய மதிப்பீடு வெளியானது. கிணற்றுக்கு அரை மைலுக்குள், அதாவது சுமார் 800 மீட்டருக்குள் இருப்பவர்களுக்கு, கிணற்றை முடித்துத் திறக்கும் கட்டத்தில், அதாவது பாறையை உடைத்துத் தண்ணீர் திரும்பி வரும் கட்டத்தில், அபாயக் குறியீடு 5 வந்தது. தள்ளி இருப்பவர்களுக்கு 0.2. இந்தக் குறியீடு 1-க்குக் கீழே இருந்தால் பாதிப்பை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பது வழக்கம். வாழ்நாள் புற்றுநோய் அபாயம் பத்து லட்சத்துக்கு 10, தள்ளி இருப்பவர்களுக்கு 6. இங்கே ஒரு நோயாளியைக்கூட யாரும் எண்ணவில்லை. காற்றில் இருந்த அளவை, நச்சியல் ஏற்கெனவே கண்டறிந்த வரம்புகளோடு வைத்துக் கணக்கிட்டார்கள். சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இது பெரிய அனுகூலமாகப் படுகிறது: யாராவது நோயில் விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இது முடிவை மாற்றும் என்பதற்குக் கொலராடோவே சாட்சி. கிணறுகளில் நேரடியாக அளந்த வெளியேற்றத்தை வைத்துக் கணினியில் கணக்கிட்ட ஒரு மதிப்பீட்டை அந்த மாநில சுகாதாரத் துறை 2019-ல் வெளியிட்டது. மிக மோசமான சூழலில், 2,000 அடி வரை குறுகிய கால பாதிப்புக்கு வாய்ப்புண்டு என்று அது சொன்னது. அடுத்த வருடமே, வீடுகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் 2,000 அடி தள்ளித்தான் புதுக் கிணறு வர வேண்டும் என்ற விதி, சில விதிவிலக்குகளோடு நிறைவேறியது. 2,000 அடி என்று அடியில் சொன்ன ஆய்வு, 2,000 அடி என்று அடியில் எழுதிய விதியானது. "தொடர்பு உண்டு" என்று மட்டும் சொல்லும் ஆய்வுக்கு இந்த வசதி கிடையாது.

ஆனால் எப்படி அளக்கிறார்கள் என்பதைக் கேட்டே ஆக வேண்டும். 24 மணி நேரச் சராசரியை நம்பி ஏமாறக் கூடாது. ஒரு வீட்டு வாசலில் 23 மணி நேரம் ஒரு வாயுவின் அளவு 1 என்று இருக்கிறது. அதிகாலை ஒரு மணி நேரம் மட்டும் 120-க்கு ஏறுகிறது. சராசரி 6 என்று அறிக்கையில் வரும். அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தை இருமியது அறிக்கையில் வராது. காற்று அசையாத இரவுகளில் வாயு தரையோடு படிந்து நிற்கும் என்பதால் இப்படி நேரிடுவது அபூர்வமும் இல்லை.

இதற்காகத்தான் கேனிஸ்டர் முறை. உள்ளே வெற்றிடமாக்கிய, பூசணிக்காய் அளவு எஃகுக் குடுவை அது. வீட்டுக்காரர் அதைப் படுக்கை அறைக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார். நடுராத்திரி வாடை எழுப்பிவிட்டதும் வெளியே எடுத்துப்போய், மூக்கு உயரத்தில் பிடித்து வால்வைத் திறப்பார். மெல்லிய சீறலோடு காற்று உள்ளே இழுபடும். அளவுமானியின் முள் இறங்கும். குறித்த அளவுக்கு வந்ததும் மூடிவிட்டு, சீட்டில் தேதி, நேரம், காற்று வந்த திசை, வாடை எப்படி இருந்தது என்று எழுதிக் கட்டுவார். மொத்தமே சில நிமிட வேலை. ஊர் மக்களே அமெரிக்காவின் பல மாநிலங்களில் எடுத்த காற்று மாதிரிகள் 2014-ல் ஆய்வாக வெளிவந்தன. பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகிய நச்சுப் பொருட்கள் பாதுகாப்பு வரம்புகளைத் தாண்டியிருந்த இடங்கள் அவற்றில் பல. கம்ப்ரசர் நிலையங்களுக்குப் பக்கத்தில் ஃபார்மால்டிஹைடு தலைகாட்டியது.

வாடை வந்தபோது மட்டும் எடுத்தால் "மோசமான நேரத்தைப் பொறுக்கி எடுத்தீர்கள்" என்பார்கள். சரி, வாடை இல்லாத நாட்களிலும் சில மாதிரிகள் எடுத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் வாதம் நிற்கும்.

தண்ணீர்

தண்ணீர்ச் சோதனையைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது: எரிவாயுக் கிணறு தோண்டுவதற்கு முன்னால் எடுத்த அளவு இருக்கிறதா?

டியூக் பல்கலைக்கழகம் 2011-ல் வடகிழக்குப் பென்சில்வேனியாவிலும் நியூயார்க்கிலும் 60 குடிநீர்க் கிணறுகளில், எரிவாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேனைத் தேடியது. 51-ல் இருந்தது. எரிவாயுக் கிணறு இயங்கும் இடங்களுக்குப் பக்கத்தில் சராசரி அளவு மற்ற இடங்களைவிட 17 மடங்கு. பெரிய அதிர்ச்சி. உடனே வந்த மறுப்பும் பெரிது: அந்தப் பகுதியில் தோண்டுவதற்கு முன்பே நிலத்தடி நீரில் மீத்தேன் இருந்தது, முன்னளவு இல்லாமல் எப்படிச் சொல்வீர்கள்? அந்த விவாதம் வருடக்கணக்கில் இழுத்தது. கார்பன் ஐசோடோப்பு (எடை மாறுபட்ட கார்பன் அணுக்கள்) விகிதத்தையும் கூடவே ஈத்தேன் என்ற வாயு இருக்கிறதா என்பதையும் பார்த்து, வாயு ஆழத்தில் வெப்பத்தால் உருவானதா, மேல்மட்டத்தில் நுண்ணுயிரால் உருவானதா என்று ஓரளவு பிரித்தறியலாம். முன்னளவுக்கு அது ஈடாகாது.

பென்சில்வேனியாவில் 2012-ல் வந்த சட்டப்படி, ஷேல் கிணற்றுக்கு 2,500 அடிக்குள், வேலை முடிந்த 12 மாதத்துக்குள் தண்ணீர் கெட்டால், கெடுத்தது நிறுவனம்தான் என்றே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு அவர்களுக்கு இருக்கும் முக்கியமான வழி, முன்பே சோதித்துக் கெட்டிருந்ததாகக் காட்டுவது. அதனால் நிறுவனமே வந்து தண்ணீர் எடுக்கும். எடுக்கட்டும். அதே நாளில் அதே குழாயில் நமக்கும் ஒரு மாதிரி வேண்டும்.

மாதிரி எடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. மீத்தேன் தண்ணீரில் கரைந்திருக்கும். திறந்த பாத்திரத்தில் ஊற்றினால் ஓடிவிடும். வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் குழாயைத் திறந்து, தண்ணீரின் வெப்பநிலை மாறாமல் நிற்கும்வரை ஓடவிட வேண்டும். அப்புறம் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, அதற்குள் சீசாவை முக்கி, குழாயில் மாட்டிய ரப்பர் குழலின் நுனியைச் சீசாவின் அடிவரை விட்டு நிரப்பி, தண்ணீருக்கு உள்ளேயே மூடியை இறுக்க வேண்டும். வெளியே எடுத்துத் தலைகீழாகப் பிடித்தால் ஒரு குமிழிகூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் கொட்டிவிட்டு மறுபடியும்.

ரத்தமும் சிறுநீரும்

மக்கள் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "எங்கள் உடம்பைச் சோதித்துச் சொல்லுங்கள்." ஏன் கேட்கிறார்கள் என்று புரிகிறது. ஆனாலும் கடைசியில்தான் வைப்பேன். பென்சீன் ரத்தத்திலிருந்து சில மணி நேரத்தில் பெருமளவு போய்விடும். டெக்சஸில் டிஷ் என்ற சிற்றூரில் 2010-ல் மாநில சுகாதாரத் துறை 28 பேரிடம் ரத்தமும் சிறுநீரும் எடுத்தது. அசாதாரணமாக எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. அன்று காற்று எப்படி இருந்ததோ அதைத்தான் அந்த முடிவு சொல்ல முடியும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 29 கர்ப்பிணிகளின் சிறுநீரில், பென்சீன் உடம்பில் சிதைந்து உண்டாகும் ஒரு பொருள் பொது மக்களைவிடச் சுமார் மூன்றரை மடங்கு இருந்ததாக 2018-ல் வெளியானது. ஆனால் உணவைக் கெடாமல் வைக்கச் சேர்க்கும் சார்பிக் அமிலத்திலிருந்தும் அதே பொருள் வரும். கவனிக்க வேண்டிய முடிவு, தனியாக நின்று பேசும் வலிமை அதற்கு இல்லை.

அனுமதிக்கு முன்பே கேட்பது

கிணறு இன்னும் வரவில்லை என்றால், சுகாதாரத் தாக்க மதிப்பீடு என்ற வழி இருக்கிறது. இருக்கும் சான்றுகளை அந்த ஊரின் நிலைமைக்குப் பொருத்தி, என்ன நிபந்தனை போட வேண்டும் என்று சொல்வது இது. கார்ஃபீல்டு கவுன்டியின் பேட்டில்மென்ட் மேசா குடியிருப்புக்குள் சுமார் 200 கிணறுகள் திட்டமிடப்பட்டபோது இப்படி ஒன்று நடந்தது. இரண்டு வரைவுகள் வந்தன. 2011-ல் கவுன்டி நிர்வாகமே இறுதி வடிவம் வராமல் நிறுத்திவிட்டது. பணம் கொடுப்பவர் நடுவில் நிறுத்த முடியாதபடி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதை நான் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன். மறுபக்கம், நியூயார்க் மாநிலம் புதிதாக ஓர் அளவீடுகூட எடுக்கவில்லை. வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த சுகாதாரத் துறையின் அறிக்கையை வைத்து, 2014 டிசம்பரில் ஃபிராக்கிங் வேண்டாம் என்று முடிவெடுத்தது. நல்ல தொகுப்பும் ஆய்வுதான். சில நூறு வீடுகள் உள்ள ஊருக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

எப்போது எதை

கிணறு வருவதற்கு முன்னால் என்றால், தண்ணீரின் முன்னளவு முதலில், அதோடு சில வாரக் காற்று அளவு. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் தண்ணீர். காற்றைப் பிறகும் அளக்கலாம், கிணற்றை நோக்கிக் காற்று வீசி வரும் பக்கத்தில் இருக்கும் இடத்தோடு ஒப்பிடலாம். தோண்டுவதற்கு முந்தைய தண்ணீர் திரும்பக் கிடைக்காது.

வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றால் காற்று, அதுவும் தண்ணீர் திரும்பி வரும் வாரங்களில். கூடவே வீட்டுக் கணக்கெடுப்பு.

பத்து வருடமாகக் கிணறுகள் ஓடுகின்றன, பிள்ளைகளின் நோயைப் பற்றிய கவலை என்றால், பதிவேடுகள். அண்டை ஊர்களோடு சேர்ந்து மாநிலத்திடம் கேட்பது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், முடிவுகள் யாருக்குச் சொந்தம், மக்களுக்கு எப்போது சொல்வார்கள், பாதகமாக வந்தாலும் வெளியிடுவார்களா என்ற மூன்றையும் முதல் மாதிரி எடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். சிறிய ஊரில் "38 வயதுப் பெண், மேற்குத் தெரு" என்று போட்டாலே யாரென்று தெரிந்துவிடும். எனவே வெளியிடும் அட்டவணையில் எது வரக் கூடாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஆய்வாளர் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், வாடை, காற்றின் திசை, சத்தம், அன்று கிணற்றில் என்ன வேலை நடந்தது, வீட்டில் யாருக்கு என்ன செய்தது. எதுவும் நடக்காத நாளையும் "ஒன்றுமில்லை" என்று எழுத வேண்டும். ஆய்வாளர் முதலில் எண்ணப் போவது அந்த நாட்களைத்தான்.